டூட்டி லிஸ்ட் போடுற ஆப்: 9 மாசம் யூஸ் பண்ண ஒரு வார்டு இன்சார்ஜோட ரெவ்யூ

மூணு ஸ்டார். ரெண்டு தான் குடுக்கலாம்னு உக்காந்தேன், ஆனா டூட்டியை ஒருத்தரோட ஒருத்தர் மாத்திக்கிற அந்த ஸ்வாப் பட்டன் ஒண்ணுக்காகவே இன்னொரு ஸ்டார் குடுக்காம போனா மனசாட்சி உறுத்தும். ஆப் பேரு சொல்லப்போறதில்ல. வாங்கினது ஆஸ்பத்திரி, என் கையில குடுத்தது லாகின் மட்டும் தான். அதுவும் போக டெமோ காட்ட வந்த மத்த கம்பெனி ஆப்பையும் பாத்தேன், எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். 32 பெட் சர்ஜிக்கல் வார்டுக்கு இன்சார்ஜ். சர்வீஸ் 23 வருஷம், அதுல 11 வருஷமா டூட்டி லிஸ்ட் போடுறேன். போட்டவங்களுக்கு தெரியும், வார்டுல இத விட பகை சம்பாதிச்சு குடுக்கிற வேலை வேற எதுவும் கிடையாது. புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ணா பேஷண்டாவது ஒரு நன்றி சொல்லுவாரு, டூட்டி லிஸ்ட் ஒட்டின அன்னைக்கு நோட்டீஸ் போர்டு பக்கமே போக முடியாது.

ஆப் வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட இருந்தது ஒரு நீள நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர். கட்டம் போட்டு மேல தேதி, பக்கவாட்டுல பேரு, உள்ள மார்னிங் ஈவ்னிங் நைட் ஆஃப். நோட்டோட பின் பக்கத்துல ரிக்வெஸ்ட். ஒருத்திக்கு புள்ளைக்கு பரீட்சை, ஒருத்திக்கு மாமியாருக்கு கண் ஆபரேஷன், ஒருத்தி காரணமே எழுத மாட்டா, ப்ளீஸ்னு மட்டும் எழுதி மூணு கோடு போட்டிருப்பா. எல்லாத்தையும் பாத்து போட்டு முடிக்க முழுசா ரெண்டு நாள் ஆகும், வீட்டுல டிவி முன்னாடி உக்காந்து தான் போடுவேன், அழிச்சு அழிச்சு சில கட்டத்துல பேப்பரே ஓட்டை விழுந்திருக்கும். ஒரு மாசம் 14ஆம் தேதி நைட் கட்டம் ஓட்டையாவே போயி, அன்னைக்கு யாரு டூட்டின்னு யாருக்குமே தெரியாம ரெண்டு பேரு வந்து நின்னாங்க. ரெண்டு பேரா வந்தது நல்லதா போச்சு, ஒருத்தரும் வராம இருந்திருந்தா?

ஆப்ல ரெண்டு நாள் வேலை இருபது நிமிஷத்துல முடியுது. இதை மறுக்கவே முடியாது.

இப்ப ஸ்வாப். முன்னாடி டூட்டி மாத்திக்கணும்னா ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டு எனக்கு போன் பண்ணனும், ராத்திரி பத்து மணிக்கு தூக்கத்துல சரின்னு சொல்லிட்டு காலையில நானே மறந்துடுவேன், அப்புறம் நீங்க தானே சிஸ்டர் சொன்னீங்கன்னு ஒரு பஞ்சாயத்து. இப்ப அவங்களுக்குள்ள ஆப்லயே கேட்டுக்கிறாங்க, ரெண்டு பேரும் ஓகே குடுத்தா எனக்கு வருது, நான் ஒரு தட்டு தட்டினா லிஸ்ட் மாறிடுது. அதுல ஒரு நல்ல பூட்டும் வச்சிருக்காங்க, ஒரு ஷிஃப்ட் முடிஞ்சு அடுத்த ஷிஃப்டுக்கு நடுவுல 11 மணி நேரம் இல்லன்னா சிவப்பு காட்டி அனுமதிக்காது. இந்த 11 மணி நேரம் அவங்களா யோசிச்சது இல்ல, ஐரோப்பாவுல வேலை நேர சட்டத்துலயே இருக்கு. ஈவ்னிங் முடிச்சுட்டு மறுநாள் மார்னிங் வர்ற கொடுமை நர்சுங்களுக்கு தெரியும். லிஸ்ட்ல ஒன்பது மணிக்கு முடியும்னு இருக்கும், அடுத்த ஷிஃப்டுக்கு பேஷண்டை ஒப்படைச்சு ஓவர் குடுத்து, எழுதி முடிச்சு, கிளம்புறப்ப ஒரு பேஷண்டுக்கு டிரிப் ஏத்துற ஐவி ஊசி அவுட்டாகி அதையும் போட்டு வெளிய வரும்போது மணி பத்து. வீட்டுக்கு போயி சாப்பிட்டு படுத்தா அலாரம் அடிச்சிடும். நான் அந்த மாதிரி டூட்டி பாத்திருக்கேன், போட்டும் இருக்கேன், ஆள் இல்லன்னு சொல்லி. இப்ப ஆப் விடமாட்டேங்குது, அதுக்கு கும்பிடு.

இன்னொண்ணு, யாருக்கு எத்தனை நைட்னு ஒரு கலர் பட்டை காட்டும். 2007லயும் மறுபடி 2019லயும் உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு நைட் ஷிஃப்ட் வேலையை அனேகமா கேன்சர் வரவைக்கக்கூடியதுங்கிற பட்டியல்ல வச்சிருக்கு, அதனால யாரு தலையில எத்தனை நைட் விழுதுங்கிறது சின்ன விஷயம் இல்ல. என் பழைய நோட்டை எடுத்து ஆறு மாச கணக்கை ஆப்ல ஏத்தி பாத்தேன். ஒருத்திக்கு மாசம் எட்டு ஒன்பது நைட், இன்னொருத்திக்கு நாலு. நாலு வாங்கினவ என் கூட டீ குடிக்கிறவ. வேணும்னு பண்ணல, சத்தியமா, ஆனா பட்டை பொய் சொல்லாதே. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

சரி இப்ப குறை.

ஆட்டோ ஃபில்னு ஒரு பட்டன் இருக்கு, தட்டினா அதுவே மாசம் முழுக்க நிரப்பிடும். முதல் மூணு மாசம் அதை நம்பினேன். நாலாவது மாசம் எங்க வார்டு பிரதர், அதான் ஆண் நர்ஸ், ஒருத்தர் வந்து, சிஸ்டர் நாங்க மூணு பேரும் ஏன் நைட்லயே இருக்கோம்னு கேட்டாரு. பாத்தா ஆமா. மூணு பிரதர்ஸ், நைட்டும் சனி ஞாயிறுமா வாங்கிட்டு இருக்காங்க. காரணம் தேடி தேடி கடைசில கண்டுபிடிச்சேன், ஆப் ரிக்வெஸ்ட் போட்டவங்களுக்கு முதல்ல இடம் ஒதுக்கிட்டு மிச்சத்தை ரிக்வெஸ்ட் போடாதவங்க தலையில கட்டுது. இவங்க மூணு பேரும் ரிக்வெஸ்ட்டே போடுறதில்ல. ஏன்னு கேட்டா, நாங்க கேட்டா ஆம்பளைக்கு வீட்டுல என்ன வேலைன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சோம்ங்கிறாரு. அவருக்கும் அஞ்சு மாச குழந்தை இருக்கு! அதே மாதிரி புதுசா வந்த ஃப்ரெஷர் புள்ளைங்களும் கேக்க பயந்துகிட்டு கேக்கறதில்ல, அதுங்களுக்கும் அதே கதி. வாய் உள்ள புள்ளை பிழைக்கும்ங்கிறதை ஆப்புக்குள்ள ப்ரோகிராமா எழுதி வச்சிருக்காங்க.

பிரதர்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. நான் படிச்சப்ப எங்க பேட்ச்ல ஒரு பையன் கூட கிடையாது. உலக அளவுல இன்னைக்கும் பெரும்பகுதி பெண்கள் தான், உலக சுகாதார நிறுவனத்தோட 2020 அறிக்கையில பத்துக்கு ஒன்பது பேர்னு இருந்துச்சு. இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்ல ஆண்களை உறுப்பினரா சேத்ததே 1960ல தான், அமெரிக்க ராணுவ நர்ஸ் படையில 1955ல. கதவை திறந்தே ஒரு ஆயுசு தான் ஆகுது. இந்த ஆப்ல ஸ்டாஃப் லிஸ்டோட தலைப்பு இன்னும் ‘சிஸ்டர்ஸ்’னு தான் இருக்கு, மாத்த முடியல. எங்க பிரதர்ஸ் சிரிச்சுக்கிட்டே போயிடுறாங்க. பேஷண்டை தூக்கணும்னா மட்டும் எல்லாரும் அவங்களை கூப்பிடுறோம், ஐசியு கோர்ஸுக்கு பேரு அனுப்பறப்ப ஞாபகம் வர்றதில்ல, அந்த தப்பு ஆப்போடது இல்ல, எங்களோடது.

இப்ப பெரிய குறை, இந்த ரெவ்யூ எழுத உக்காந்ததே இதுக்கு தான்.

ஆப் தலையை எண்ணுது. ஆளை எண்ணல.

எங்க வார்டுக்கு நைட்ல குறைஞ்சது நாலு பேருன்னு செட்டிங்ல மேனேஜ்மென்ட் போட்டு வச்சிருக்கு. நாலு பேரு இருந்தா பச்சை, மூணுன்னா சிவப்பு. 32க்கு நாலுன்னா ஒருத்தருக்கு எட்டு பேஷண்ட். கலிஃபோர்னியாவுல 1999ல சட்டம் போட்டு 2004லருந்து அமல்ல இருக்கு, இந்த மாதிரி மெடிக்கல் சர்ஜிக்கல் வார்டுல 2005லருந்து ஒரு நர்சுக்கு அஞ்சு பேஷண்டுக்கு மேல கூடாது, ஐசியுல ரெண்டு. ஆப் விக்க வந்த தம்பி அந்த ஸ்லைடை தான் முதல்ல போட்டு காட்டினாரு. அப்ப எங்க செட்டிங்ல ஏன் எட்டுன்னு கேட்டேன், அது கஸ்டமர் சாய்ஸ் மேடம்னாரு. சரி தம்பி.

ஆப் போட்டு அஞ்சாவது மாசம், ஒரு ராத்திரி. லிஸ்ட்ல நாலு பேரு, பளிச்சுன்னு பச்சை. யாரு அந்த நாலு பேரு? ரெண்டு பேரு வேலைக்கு சேந்து ஆறு மாசம் கூட ஆகாத ஃப்ரெஷர்ஸ். ஒரு புள்ளைக்கு ஒண்ணேகால் வருஷம். நாலாவது, வெளியிலருந்து தற்காலிகமா நர்ஸ் அனுப்புற ஏஜென்சில இருந்து அன்னைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் வந்தவங்க, அனுபவம் உள்ளவங்க தான், ஆனா எங்க வார்டுல கிராஷ் கார்ட், அதான் உயிர் காக்கிற அவசர மருந்து வண்டி, எங்க இருக்குன்னே அன்னைக்கு தான் கேட்டு தெரிஞ்சுக்கிட்டாங்க.

குடல் ஆபரேஷன் ஆகி நாலாவது நாள்ல ஒரு பேஷண்ட். பன்னெண்டு மணிக்கு மூச்சு 20, நாடி 92. ரெண்டு மணிக்கு மூச்சு 22, நாடி 98. நாலு மணிக்கு மூச்சு 24, நாடி 108, பிபி மேல 104, ஜுரம் 38.2. ஆக்ஸிஜன் மட்டும் 96, அது நல்லா தான் காட்டுது. அவரை பாத்துக்கிட்ட ஃப்ரெஷர் புள்ளை ஒழுங்கா எண்ணி ஒழுங்கா எழுதியிருக்கா, இதை அழுத்தி சொல்றேன், ஏன்னா மூச்சை எண்ணாமலே எல்லா பெட்டுக்கும் 18, 18னு எழுதிட்டு போற சீனியர்ஸை நான் பாத்திருக்கேன். இந்த அளவுக்கெல்லாம் மார்க் போட்டு கூட்டுற வார்னிங் ஸ்கோர் ஒண்ணுல இருந்து மூணாகி அஞ்சாகியிருக்கு. அஞ்சு வந்தா டாக்டரை உடனே கூப்பிடணும்னு சார்ட்லயே இருக்கு. அவ ஏஜென்சி சிஸ்டர்கிட்ட கேட்டிருக்கா, அவங்க அரை மணி நேரம் கழிச்சு மறுபடி பாரும்மான்னாங்க. அந்த ஒண்ணேகால் வருஷ புள்ளை கோடி பெட்ல டியூப் எல்லாத்தையும் புடுங்கி போடுற தாத்தா கூட மல்லுக்கட்டிட்டு இருந்தா. நைட் டாக்டரோட எக்ஸ்டென்ஷன் நம்பர் மாறினது ஏஜென்சிக்காரங்களுக்கு தெரியாது, பழைய நம்பருக்கு ரெண்டு தடவை அடிச்சிருக்காங்க, யாரும் எடுக்கல. டாக்டர் வந்து பாத்தப்ப மணி ஆறு பத்து.

நான் ஏழு மணிக்கு உள்ள வர்றேன், வாசல்லருந்தே அவரு முகத்தை பாத்தேன். சாம்பல் கலர். தையல் போட்ட குடல் கசிஞ்சிருந்துச்சு. காலையிலயே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு போனாரு, 19ஆவது நாள் நடந்து வீட்டுக்கு போனாரு, நல்லபடியா. ஆனா ரெண்டு மணி நேரம் போனது போனது தான்.

அந்த புள்ளை என்கிட்ட அழுதுகிட்டே சொன்னது இன்னும் காதுல இருக்கு. "சிஸ்டர், அஞ்சுன்னு நம்பர் வந்துச்சு, ஆனா அது பெரிய அஞ்சா சின்ன அஞ்சான்னு எனக்கு தெரியல."

அது பெரிய அஞ்சா சின்ன அஞ்சான்னு சொல்றதுக்கு பக்கத்துல ஒருத்தி வேணும், எட்டு பத்து வருஷம் பாத்தவ. அந்த எட்டு பத்து வருஷத்துக்காரிங்க தான் இன்னைக்கு எந்த வார்டுலயும் இல்ல. ஒன்றரை வருஷத்துல எங்க வார்டுலருந்து நாலு பேரு வெளிநாடு போனாங்க, நாலு பேரும் சரியா அந்த நடு அடுக்கு. மேல என்னை மாதிரி மூட்டு வலியோட ரெண்டு பேரு, கீழ நேத்து பாஸான புள்ளைங்க, நடுவுல காலி. அவங்களை குத்தம் சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு படிக்க அவங்களுக்கு நைட் ஆஃப் போட்டு குடுத்ததே நான் தான், போற அன்னைக்கு கட்டிப்புடிச்சு அழுததும் நான் தான். ஆஸ்பத்திரி அவங்களுக்கு என்ன குடுத்துச்சு, இருன்னு சொல்ல? இது எங்க ஒரு இடத்து கதையும் இல்ல, 2025ல வந்த உலக சுகாதார நிறுவனத்தோட அறிக்கைப்படி ஏழு நர்சுல ஒருத்தர் பிறந்த நாட்டை விட்டு வேற நாட்டுல வேலை பாக்குறாங்க, பணக்கார நாடுகள்ல அது கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர். உலகத்துல மொத்தம் 2.98 கோடி நர்ஸ், அப்படியும் 58 லட்சம் பேரு பத்தல. ஆள் பத்தாத நாட்டுலருந்து வலை போட்டு இழுக்காதீங்கன்னு 2010லயே உலக சுகாதார நிறுவனம் ஒரு நடைமுறை நெறி போட்டுச்சு, 2023ல 55 நாட்டை பேரு சொல்லி பட்டியலும் போட்டுச்சு. எல்லாம் நாடுங்க தானா முன்வந்து கடைபிடிக்கிறது தான், கட்டாயம் இல்ல.

அதனால தான் சொல்றேன், தலையை மட்டும் எண்ணினா பத்தாது. 2014ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒன்பது ஐரோப்பிய நாடு, 300 ஆஸ்பத்திரி, நாலு லட்சத்துக்கு மேல ஆபரேஷன் பேஷண்ட். ஒரு நர்சுக்கு ஒரு பேஷண்ட் கூடினா 30 நாளுக்குள்ள சாகுற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு வந்ததை மட்டும் எல்லாரும் சொல்லுவாங்க, அந்த சேல்ஸ் தம்பியும் சொன்னாரு. அதே ஆராய்ச்சில இன்னொரு பாதி இருக்கு, டிகிரி படிச்ச நர்ஸ் 10 சதவீதம் கூடினா அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறையுது. ஆக எத்தனை பேருங்கிறதோட யாருங்கிறதும் இருக்கு. ஆப்ல அந்த ரெண்டாவது கட்டமே இல்ல.

இதை கம்பெனிக்கு எழுதினேன். முதல்ல சாட்ல ஒரு ரோபோ வந்து உங்க பிரச்சனை எங்களுக்கு புரியுதுன்னுச்சு, அதுக்கு எதுவும் புரியலங்கிறது மூணாவது பதில்லயே தெரிஞ்சுது. அப்புறம் மனுஷன் ஒருத்தர் பேசினாரு, பொறுமையா தான் பேசினாரு. உங்க குறைஞ்சபட்ச எண்ணிக்கை நாலு மேடம், அன்னைக்கு நாலு பேரு இருந்தாங்களே, சிஸ்டம் சரியா தான் வேலை செஞ்சிருக்குன்னாரு. நாலுமே ஆறு மாச புள்ளைங்களா இருந்தாலும் சரியான்னு கேட்டேன். ஸ்கில் டேக்னு ஒண்ணு இருக்கு, போட்டுக்கலாம்னாரு. சந்தோஷமா உக்காந்து எல்லாருக்கும் ஏ, பி, சின்னு டேக் போட்டேன். நைட்டுக்கு ஒரு ஏ கட்டாயம்னு ரூல் போட போனா, அந்த ரூல் மேல் பிளான்ல தான் திறக்குமாம். டேக் ஒட்டிக்கலாம், ஆனா டேக் எதுவும் செய்யாது. பல்பு மாட்டிக்கலாம், கரண்டு தனியா வாங்கணும்ங்கிற மாதிரி.

ஏஜென்சி ஸ்டாஃப் பத்தி ஒரு வரி. லிஸ்ட்ல ஓட்டை விழுந்தா ஆப் தானாவே வெளிய ஏஜென்சிக்கு மெசேஜ் அனுப்பும், அரை மணி நேரத்துல ஆள் உறுதியாகும், அது பிரமாதம். ஆனா முதல் தடவை வர்றவங்களா ஏற்கனவே வந்தவங்களான்னு எனக்கு காட்டாது. அதை மட்டும் காட்டினா கூட அன்னைக்கு ராத்திரி நான் ஒருத்தியை மாத்தி போட்டிருப்பேன்.

அப்புறம் 8 மணி நேரம், 12 மணி நேரம், இது ரெண்டு தான் ஷிஃப்ட். எங்ககிட்ட ரிட்டயர் ஆன ஒரு மூத்த சிஸ்டர் இருக்காங்க, நான் ஃப்ரெஷரா வந்தப்ப எனக்கு ஊசி போட கத்துக்குடுத்தவங்க. முட்டி தேஞ்சு போச்சு, முழு ஷிஃப்ட் நிக்க முடியாது, ஆனா தினம் நாலு மணி நேரம் வந்து இந்த புள்ளைங்க கூட ரவுண்ட்ஸ் நடக்கிறேன், எது பெரிய அஞ்சு எது சின்ன அஞ்சுன்னு நான் காட்டுறேன்னாங்க. மேனேஜ்மென்ட் கூட சரின்னுடுச்சு, அதிசயமா. ஆப்ல நாலு மணி நேரம் ஏறல! எட்டு மணி நேரமா போட்டா சம்பள கணக்கு தப்பா போகுது, போடலன்னா அவங்க அன்னைக்கு வார்டுல இல்லாத மாதிரி காட்டுது. கடைசில அவங்களை ‘டிரெய்னிங் ஈவென்ட்’னு போட்டு வச்சிருக்கோம். நாப்பது வருஷம் நர்சா இருந்தவங்க ஆப் கணக்குல இப்ப ஒரு ஈவென்ட். அவங்ககிட்ட சொன்னப்ப விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

யாரு வாங்கலாம்னு கேட்டா, பெரிய ஆஸ்பத்திரி, நிறைய வார்டு, ஸ்டாஃப் அடிக்கடி மாறுற இடம்னா கண்ணை மூடிட்டு வாங்குங்க, ஸ்வாப்பும் 11 மணி நேர பூட்டும் நைட் பட்டையும் போதும், காசுக்கு தகும். ஆனா மேல் பிளான் சேத்து வாங்குங்க, இல்லன்னா அந்த ரூலை எழுதி வாங்கிக்கிட்டு கையெழுத்து போடுங்க. வாங்குற கமிட்டில ஒரு வார்டு இன்சார்ஜாவது உக்காரட்டும், எங்க இடத்துல உக்காந்தவங்க மூணு பேரு, மூணு பேரும் நைட் டூட்டியே பாக்காதவங்க. ஆட்டோ ஃபில் பட்டனை அப்படியே நம்பாதீங்க, நிரப்பவிட்டுட்டு நைட் வரிசையை மட்டும் ஒவ்வொரு பேரா விரல் வச்சு பாருங்க. ரிக்வெஸ்ட் போடாதவங்களை நீங்களே கூப்பிட்டு கேளுங்க, ஆப் கேக்காது.

நான் இப்ப செய்றது என்னன்னா, ஆப் லிஸ்ட் போட்டதும் அதை பிரிண்ட் எடுத்து பழைய நோட்டுல ஒட்டி, ஒவ்வொரு நைட் பக்கத்துலயும் பென்சிலால ஒரு பேருக்கு சுழி போடுறேன், அன்னைக்கு ராத்திரி யாரை கேக்கணும்ங்கிறதுக்கு. சுழி இல்லாத நைட் இருந்தா ஆப்ல போயி மாத்துறேன். போன மாசம் அப்படி ஆறு நைட் மாத்தினேன், ஆறும் பச்சையா தான் இருந்துச்சு. அந்த ஃப்ரெஷர் புள்ளை இப்ப ஒரு வருஷத்தை நெருங்கிட்டா, அவ பேருக்கு இன்னும் சுழி போடல, ஆனா டாக்டரோட எக்ஸ்டென்ஷன் நம்பரை கொட்டை எழுத்துல எழுதி போன் மேல ஒட்டினது அவ தான்.

அடுத்த அப்டேட்ல நாலு மணி நேர ஷிஃப்ட் வரும்னு சப்போர்ட்காரர் சொல்லியிருக்காரு. வந்தா இந்த ரெவ்யூவை எடிட் பண்ணி அரை ஸ்டார் ஏத்துறேன்.